பின்னறையில் இருந்த பங்காளி

சாப்பிட்ட வீட்டையே காட்டிக் கொடுத்தவன் நான். எப்படிச் சுற்றி வளைத்தாலும் பொருள் மாறப்போவதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மலாக்காவில், குருபோங் பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதியில் நடந்தது இது. நான் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். வீட்டில் நானும் மனைவியும்தான். பக்கத்து வீட்டை ஒரு தொழிற்சாலை வாடகைக்கு எடுத்து, வங்கதேசத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்தது. எங்கள் தெருவில் யாரும் அவர்களோடு பேசுவதில்லை. 'பங்ளா' என்ற ஒரு சொல்லில் அத்தனை பேரையும் அடக்கிவிடுவோம்.

தீபாவளியன்று வீடு நிறைய விருந்தினர். மனைவி முறுக்குத் தட்டைச் சுவருக்கு மேலே நீட்டினாள். வாங்கிக்கொண்டவனுக்கு நாற்பது வயதிருக்கும். முன்பு தமிழர் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்தவன். தமிழ் ஓரளவு வரும்.

"பங்ளாவா நீ?" என்று கேட்டேன்.

"நாடு பங்ளாதேஷ், அங்கிள். நான் பங்காலி."

"பங்காளியா? அப்ப எங்கப்பா சொத்துல பங்கு கேக்க வந்துட்டியா?"

விருந்தினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வங்காளி என்று தன் இனத்தைச் சொன்னவனுக்கு எதுவும் புரியவில்லை. அண்ணன் தம்பிகளை, ஒரே தாத்தா வழியில் வந்தவர்களை நாங்கள் பங்காளி என்போம் என்று விளக்கினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. மாலையில் தட்டைத் திருப்பிக் கொடுத்தான். அதில் சேமியா பாயசம் ஒரு கிண்ணம் இருந்தது. வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்பது அவர்கள் ஊரிலும் வழக்கமாம். மறுநாளிலிருந்து, "பங்காளி, சாப்ட்டாச்சா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

ஒரு விடுமுறை நாளில் சாப்பிடக் கூப்பிட்டான். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "மாடு இல்ல பங்காளி. மீன்தான். சட்டிகூட புதுசு. வாங்க லா" என்றான். எனக்காகவே புதுச் சட்டி வாங்கியிருந்தான். கடுகு அரைத்துவிட்ட தெருபோக் மீன் குழம்பு. காரம் மூக்கில் ஏறியது. அவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை கழுவியதும் என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனான். அவனைப் போலவே முகம், ஆனால் மெலிந்த ஒருவன், சுருட்டி வைத்த மெத்தைமேல் உட்கார்ந்திருந்தான்.

"என் தம்பி. இவன்தான் சொந்தப் பங்காளி" என்று சிரித்தவன், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஏஜெண்ட் ஏமாத்திட்டான். பெர்மிட் முடிஞ்சி போச்சு. வெளிய வர மாட்டான். நீங்க வீட்டு ஆளு, அதான் காட்டுறேன்."

தம்பி எழுந்து என் கையைத் தொட்டு, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

அதன்பின் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளும் கேஸ் சிலிண்டர்களும் களவு போகத் தொடங்கின. பூப்பந்துத் திடலில் கூட்டம் போட்டோம். பேச்சு வேகமாகவே அந்த வீட்டுப் பக்கம் திரும்பியது. தெருமுனை வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "நம்ம சாரைக் கேளுங்க. அவரோட பங்காளிங்கதானே! பாதி சிலிண்டரு சார் பங்குக்கு வந்திருக்கும்" என்றார்.

கூட்டமே சிரித்தது. வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. காது சுட்டது.

"எனக்கு என்னய்யா பங்காளி? ஏதோ கூப்பிட்டானேன்னு ஒரு நாள் போனேன். பின்னறையில ஒருத்தன் பெர்மிட் இல்லாம ஒளிஞ்சிக்கிட்டிருக்கான். முதல்ல அதைப் பாருங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்தக் கணம் எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சில நாளில், காலையில் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், குடிநுழைவு அதிகாரிகள் வந்தார்கள். யார் தகவல் கொடுத்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. தம்பியை லாரியில் ஏற்றினார்கள். அண்ணன் ஓடிவந்து எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டான்.

"பங்காளி! நீங்க படிச்ச ஆளு. ஏஜெண்ட் ஏமாத்தினதை அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"அந்த ஆளு கூப்பிடுறான், போங்களேன்" என்றாள் மனைவி. கூட்டத்தில் நான் பேசியது அவளுக்குத் தெரியாது.

"நமக்கு எதுக்கு வம்பு?" என்றேன்.

அவளே வெளியே போனாள். அதிகாரிகளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், லாரி போகும்வரை கேட்டருகே நின்றிருந்தாள்.

விரைவில் மற்றவர்களைத் தொழிற்சாலை விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். களவு நிற்கவில்லை. காலியான அந்த வீட்டின் தண்ணீர் மீட்டரையே ஒருநாள் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகுதான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில், அவர்கள் திருடர்கள் அல்லர், நான் வெட்கத்தில் உளறினேன் என்று எழுதினேன். "விடுங்க சார், பழைய கதை லா" என்று ஒருவர் பதில் போட்டார். அடுத்த செய்தி, யாரோ டுரியான் பழம் விற்பது பற்றி.

மனைவியிடமும் சொன்னேன். அவள் அடுத்த தீபாவளிக்கு ஒரு டப்பாவில் முறுக்கை அடுக்கி என் கையில் கொடுத்தாள். "இந்தத் தடவை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

விடுதியைத் தேடிப் போனேன். அண்ணன் வெளியே வந்தான். வாசலில் செருப்புகள் கிடந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "உக்காருங்க, சார்" என்றான். தேநீரும் கொண்டுவந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"பின்ரூம் வரைக்கும் வந்தது நீங்க ஒருத்தர்தானே."

தம்பியைப் பற்றிக் கேட்டேன். தடுப்பு முகாமில் வைத்திருந்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். "என்கூடப் பேசுறதில்ல, சார். வெளி ஆளுக்கு ஏன் என்னைக் காட்டினேன்னு கேக்குறான்."

நானே தம்பியிடம் பேசி மன்னிப்புக் கேட்கிறேன், நம்பர் கொடு என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தான். முறுக்கு டப்பாவை உள்ளே எடுத்துப் போனவன், அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தான்.

வீட்டில் மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

இன்றும் யாராவது "உள்ள வாங்க சார்" என்று அன்பாக அழைத்தால் நான் கூடத்தோடு நின்றுவிடுகிறேன். ஒரு வீட்டின் பின்னறையைப் பார்க்கத் தகுதியில்லாதவன் என்பது அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.