அக்காவுக்குச் சிபாரிசு செய்த ஊர்

ஆஸ்பத்திரியில் அவளை எக்ஸ்ரேக்காரம்மா என்பார்கள். வாசகர் வட்டத்திலும் அதே பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் ஜன்னலே இல்லாத அறையில் நின்று, "மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க, விடுங்க" என்று ஊரார் நெஞ்சையும் முட்டியையும் படம்பிடிக்கிற பிழைப்பு. வெளியே மழையா வெயிலா என்பதே வருகிறவர்கள் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு ஊர் இல்லாத நாவல் பிடிக்காமல் போனதில் என்ன அதிசயம்? காதலையும் கொலையையும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், ஒரு தெருவை எழுதச் சொல்லுங்கள் பார்ப்போம் என்பாள்.

வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் கூடும். நாவலைச் சிபாரிசு செய்கிறவர் கதையை மட்டும் வாய்திறந்து சொல்லக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். கேட்கிறவர்களை அந்த ஊருக்குள் கூட்டிப்போக வேண்டும். ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது, எந்தப் படிக்கட்டில் மூச்சு வாங்கும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எல்லாம் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் மழுப்பினாலும் ஓய்வுபெற்ற தபால்காரர் விடமாட்டார். "எனக்கு இன்னும் வீடு தெரியலையேம்மா" என்று மடக்குவார். மனுஷனுக்குப் பழக்கதோஷம்.

போன வருஷம் அவளுடைய அக்கா புருஷன் தவறிப்போனார். பிள்ளைகுட்டி இல்லாத அக்காவைத் தங்கை தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். மகள் பரீட்சைக்குப் படிக்கிற அறையில் சுவரோரமாக ஒரு கட்டிலைப் போட்டார்கள். சுவரைப் பார்த்துப் படுத்த அக்கா படுத்தவள்தான். கூப்பிட்டால் சாப்பிடுவாள், மறுபடி படுப்பாள்.

எலும்பு என்றால் எக்ஸ்ரேக்காரம்மா ஒரு கை பார்ப்பாள். இதற்கு எங்கே படம்பிடிப்பது? தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். துறைமுக ஊர் ஒன்றைப் பற்றிய நாவலைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள்.

"கதை பிடிக்கலேன்னா விட்டுடுக்கா. அதுல ஒரு சரிவுத் தெரு வருது. அதுல மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வா."

நாலைந்து நாள் கழித்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா தானாகவே வந்து உட்கார்ந்தாள். "அந்த ரொட்டிக்கடைக்குப் பின்னால ஒரு சந்து போகுதே, அது எங்க போய் முட்டுது? எழுதின ஆள் சொல்லவே இல்லையே" என்றாள். தங்கைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. அடுத்த மாதமே அக்காவும் வட்டத்துக்கு வந்தாள். வந்த வேகத்தில் தபால்காரரோடு வாக்குவாதமும் ஆரம்பித்துவிட்டாள்.

அத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டியது. எங்கே முடிந்தது? அந்தத் துறைமுக ஊர் நிஜமாகவே இருக்கிற ஊர். அங்கே ஒரு ஹோட்டலில் திரைச்சீலை தைக்கவும் படுக்கை விரிப்புகளில் கிழிசல் தைக்கவும் ஆள் வேண்டும், மாடியில் தங்க அறையும் உண்டு என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அக்காவுக்குத் தையல் கைவந்த வேலை. யாரிடமும் மூச்சுவிடாமல் போன் போட்டுப் பேசி முடித்துவிட்டு, "மாசக் கடைசியில கிளம்பறேன்" என்றாள்.

எக்ஸ்ரேக்காரம்மா புருஷனிடம் போய்ப் புலம்பினாள். இத்தனை பாடுபட்டு எழுப்பி உட்காரவைத்த அக்காவைக் கண்காணாத ஊருக்கு அனுப்புவதா? அவள் புருஷன் பஸ் டிரைவர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "நாவலைப் படிச்சுட்டு ஊர் மாறுன ஆளை இப்பத்தான் பார்க்கறேன். வேண்டாம்னா நேரா சொல்லிடு" என்றார்.

நேராகச் சொல்வாளா? வாசகியாச்சே! நூலகத்தைக் குடைந்து அதே ஊரைப் பற்றிய இன்னொரு நாவலைப் பிடித்தாள். பாதி வருஷம் ஓயாத மழை, சுவரெல்லாம் பூசணம், உப்புக்காற்றில் துருப்பிடித்துத் திறக்க மறுக்கும் பூட்டு, குடலைப் புரட்டும் மீன் வாடை. வட்டத்தில் அதையே சிபாரிசு செய்தாள். அந்த ஈரத்தை அவள் விவரித்த விவரிப்பில் தபால்காரர் தும்மியே விட்டார்.

அக்கா அன்றைக்கே அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டே நாளில் முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

"நல்ல வேளை, இதைச் சொன்னே. அங்க ரப்பர் செருப்பு வழுக்குமாம், வேற வாங்கணும். பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டே இருக்கணுமாம். இதெல்லாம் தெரியாமப் போயிருந்தா திண்டாடியிருப்பேன்."

தங்கை கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். "உன்னை அனுப்பறதுக்காக்கா நான் புஸ்தகம் குடுத்தேன்?"

"எழுப்பறதுக்குத்தானே குடுத்தே. எழுந்தவ நடக்க மாட்டாளாடி?"

"இங்க உனக்கு என்ன குறை வச்சோம்?"

"ஒரு குறையும் இல்ல. என் தூக்கம் கெடக் கூடாதுன்னு உன் பொண்ணு விளக்கை அணைச்சுட்டு ஹால்ல போய்ப் படிக்கிறா. உன் வீட்டுக்காரர் இருமறதுக்குக்கூட வெளியில போறார். நான் வந்ததுலேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரு சண்டைகூடப் போட்டுக்கல. எவ்வளவு நாளைக்கு இப்படி அடங்கி ஒடுங்கி இருப்பீங்க?"

அத்தனையும் உண்மை. எக்ஸ்ரேக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபம் இன்னும் ஆறாத குரலிலேயே கேட்டாள்.

"அந்த ஹோட்டல் ரூம்ல எத்தனை கட்டில்?"

"ஒண்ணுதான்."

"நான் வந்தா எங்க படுக்கிறது?"

"கட்டில்ல நீ படு, நான் கீழ படுத்துக்கறேன். என் வீட்டுக்கு வர்றவளைத் தரையிலயா படுக்க வைப்பேன்?"

அத்தான் போனதற்கப்புறம் என் வீடு என்ற வார்த்தை அக்கா வாயிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது. தங்கை அடுப்பை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரண் மேலிருந்த பெரிய பெட்டியைத் தூசி தட்டி இறக்கினாள்.