தப்பு எங்கே என்று சொன்னால் மறுபரீட்சை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதக் கடைசியில், பாளையங்கோட்டையில் என் மகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியை அறையில் நடந்த விஷயம் இது. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆனால் இதை ஏப்ரலில் ஆரம்பித்தால் புரியாது. அந்த வகுப்பு தொடங்கிய ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீடு பேட்டையில். கணவருக்குக் கூடங்குளம் பக்கம் ஒப்பந்த வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகத்தைப் பார்க்க முடியும். அதனால் ரேஷன் கடைச் சண்டை, பள்ளிக்கூடத்துச் சண்டை எல்லாமே என் இலாகாதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில்தான் அந்தக் கணக்கு டீச்சரை முதலில் பார்த்தேன். அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மற்ற டீச்சர்கள் எல்லாம் "பிள்ளைகளை நல்லாப் பாத்துக்கிடுங்க, செல்போன் குடுக்காதீங்க" என்று இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் மைக்கைப் பிடித்து, இயற்கணித வகுப்புக்குத் தன் விதிகளைச் சொல்லத் தொடங்கினார்.

வகுப்பில் ரப்பருக்கு இடமில்லை. தப்பாகப் போட்டால் மேலே ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான். தப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லிவிடலாம், திட்டு கிடையாது. அடுத்தவளைப் பார்த்து எழுதி வந்தால்தான் திட்டு. பரீட்சையில் தேறாதவர்களுக்கு மறுபரீட்சை உண்டு. ஆனால் அதற்கு முன் கரும்பலகையில் நின்று, தான் எங்கே தப்பு செய்தேன் என்று விளக்கிக் காட்ட வேண்டும். விளக்கினால்தான் மறுபரீட்சை. பெற்றோருக்கும் ஒரு விதி வைத்திருந்தார். வீட்டில் கணக்கைத் திருத்திக் கொடுத்து அனுப்பக் கூடாதாம். தப்போடு வரட்டுமாம்.

பக்கத்தில் இருந்த அம்மாவின் காதில், "இது பள்ளிக்கூடமா, சட்டசபையா?" என்று கிசுகிசுத்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். டீச்சர் காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பக்கம் திரும்பி, கடைசியாகத் தனக்கும் ஒரு விதி வைத்திருப்பதாகச் சொன்னார். விடையை மட்டும் பார்த்து மார்க் போட மாட்டேன், முதல் வரியிலிருந்து வாசித்துத்தான் போடுவேன் என்றார். மேடையில் இருந்த தலைமையாசிரியை கைதட்ட, நாங்களும் தட்டினோம். கூட்டம் முடிந்து பஸ் ஏறியதும் நான் அதையெல்லாம் மறந்துவிட்டேன்.

என் மகளுக்குக் கணக்கு என்றாலே பயம். அதிலும் இந்த x, y வந்த பிறகு கேட்கவே வேண்டாம். காலாண்டுப் பரீட்சையில் பெயில். மறுபரீட்சைக்காகக் கரும்பலகை முன்னால் போய் நின்றவள் ஒரு வார்த்தை பேசாமல் அழுதுவிட்டுத் திரும்பினாளாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், நேரே போய் அந்த டீச்சரை நாலு கேள்வி கேட்கத்தான் கிளம்பினேன். இவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "போவாத அம்மா. நாளைக்கும் வந்து சொல்லலாம்னு சொல்லிருக்காங்க" என்றாள்.

அடுத்த நாள் போய் ஒரு கணக்குக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். அதற்கு அடுத்த வாரம் இன்னும் இரண்டு. டீச்சர் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இவள் சொல்லி முடிக்கும் வரை கேட்பாராம். அரையாண்டு வருவதற்குள் என் மகள் வேறு மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "மைனஸை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் கொண்டு போவும்போது மாத்தாம விட்டுட்டேன், அம்மா. அதான் எல்லாம் நாசமாப் போச்சு" என்று, யாரோ தெரிந்தவர் வீட்டுச் சங்கதியைச் சொல்வது போலச் சொல்வாள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கேட்கச் சந்தோஷமாக இருக்கும்.

அரையாண்டில் மறுபரீட்சை எழுதித் தேறினாள். அடுத்து வந்தது முழு ஆண்டுப் பரீட்சை.

இந்த இடத்தில் அந்தப் பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே மட்டுமில்லை, பல இடங்களில் இருப்பதுதான். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் அல்லவா? அதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்கில் பெயிலாகும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, "வேற ஸ்கூல்ல சேத்தா பிள்ளைக்கு நல்லது" என்று தேன் மாதிரி பேசி, டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தலைமையாசிரியை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

ஏப்ரல் கடைசியில் எனக்கும் போன் வந்தது. என் மகள் கணக்கில் முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து வேண்டும். மூன்றே மூன்று மார்க்கில், எல்.கே.ஜி.யிலிருந்து படித்த பள்ளியை விட்டு அவள் வெளியே போக வேண்டும்.

அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். வராந்தாவில் கணக்கு டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "மூணு மார்க்குதானே டீச்சர், எங்கனயாவது போட்டு விட்டுருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

அவர் என்னைப் பார்த்தார். "அம்மா, மூணு மார்க் போடுதது எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனா அது அவ எடுத்த மார்க்கா இருக்காதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என் பிள்ளைய வெளிய அனுப்பிட்டு உங்க விதியக் கட்டிக்கிட்டு அழுங்க! நல்லா இருப்பிய!" என்று கத்தியேவிட்டேன். வராந்தாவில் போன இரண்டு டீச்சர்கள் நின்று பார்த்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த டீச்சர் முகம் மாறவே இல்லை. "மறுபரீட்சைன்னு ஒண்ணு இருக்குல்லா. உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார்.

"முழு ஆண்டுப் பரீட்சைக்கு ஏது டீச்சர் மறுபரீட்சை?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"ஜூன் மாசம் எல்லாப் பெற்றோர் முன்னாலயும் சொன்னேன் மேடம். முழு ஆண்டுக்குக் கிடையாதுன்னு சொல்லலயே. நீங்களும் மேடையில இருந்தீங்க."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். பிறகு, "சரி, விளக்கட்டும். எல்லாத் தப்பையும் ஒழுங்காச் சொன்னா மறுபரீட்சை. சொல்லலன்னா இன்னைக்கே டி.சி. வாங்கிட்டுப் போயிரணும்" என்றார். டீச்சர் சரி என்று தலையாட்டினார். பழகிய வகுப்பிலேயே பேச முடியாமல் அழுதவள், இந்த அறையில் எங்கே பேசப் போகிறாள்?

யாருக்கு லீவு, அந்த வகுப்புக்கு யார் போவது என்று தினமும் எழுதும் சின்னக் கரும்பலகை ஒன்று அந்த அறைச் சுவரில் இருந்தது. அதில் பாதியை டீச்சரே துடைத்துக் கொடுத்தார். விடைத்தாளை இவள் கையில் கொடுத்தார்.

முதல் தப்பைச் சொன்னாள். சத்தம் வெளியே வரவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டாள். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தெளிந்தது. தலைமையாசிரியைகூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியே ஒவ்வொன்றாக வந்து, கடைசியாக ஓர் ஐந்து மார்க் கணக்கில் நின்றாள். ஒரு ஸ்டாண்டில் பைக்கும் ஆட்டோவும் சேர்த்து இருபது வண்டிகள், மொத்தம் நாற்பத்தெட்டுச் சக்கரங்கள், எத்தனை பைக், எத்தனை ஆட்டோ என்பது கேள்வி. அதற்கு அவள் எழுதியது முழுவதையும் சிவப்பு மையில் அடித்து முட்டை போட்டிருந்தது.

பலகையில் அதை எழுதினாள். கீழே வரை வந்தாள். மறுபடி மேலே போனாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். திரும்பவும் மேலே போனாள்.

"டீச்சர்... தப்பு எங்கனன்னு தெரியல" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"ஏட்டி, நல்லாப் பாரு. பையப் பாத்துச் சொல்லு" என்று நான் எழுந்துவிட்டேன். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். டி.சி. புத்தகம் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

டீச்சர் பலகைக்குப் பக்கத்தில் வந்தார். "முதல் வரிய வாசி" என்றார்.

"ஆட்டோக்களின் எண்ணிக்கை x என்க. பைக்குகளின் எண்ணிக்கை y என்க."

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தாள். டீச்சர் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அவளுக்குத் தெரியாது மேடம்" என்றார். "ஏன்னா இதுல தப்பே இல்ல. தப்பு என்னுது. x-ங்கிறது பைக்குன்னு நான் மனசுல வச்சுக்கிட்டுத் திருத்திருக்கேன். இவ ஆட்டோவ x-ன்னு எடுத்திருக்கா. முதல் வரிய வாசிக்காமயே அடிச்சிருக்கேன்."

தலைமையாசிரியை இழுப்பறையை மூடினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முழு ஆண்டுத் தாள்ல மார்க்க மாத்தினா மேல எழுதிக் குடுக்கணும் டீச்சர். உங்களுக்குத்தான் மெமோ வரும். வேலைக்குச் சேந்து ஒரு வருஷம்கூட ஆகல. பிள்ளைதான் நல்லா விளக்குதாளே, பேசாம மறுபரீட்சைன்னே வச்சு முடிச்சிருவோம்" என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது போதும் என்றுதான் இருந்தது. என் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் சரி. இன்னொரு தடவை எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது? அந்த டீச்சருக்கும் அதுதான் பத்திரமான வழி. அவர் வாய் திறக்காமல் இருந்தாலே போதும், மெமோவும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவர் சொன்னார்: "சரியா எழுதினதுக்கு அவ எதுக்கு மேடம் மறுபரீட்சை எழுதணும்?"

சொல்லிவிட்டு, தான் போட்ட முட்டையின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் நான்கு மார்க் போட்டுக் கையெழுத்து வைத்தார். என் மகள் பக்கம் திரும்பி, "நான் பாக்காம அடிச்சிட்டேன்மா. மன்னிச்சிரு. ஆனா ஆட்டோ எட்டு, பைக் பன்னெண்டுன்னு கடைசி வரிய நீ எழுதாம விட்டுட்ட. அதுக்கு ஒரு மார்க் போச்சு" என்றார். கேட்டீர்களா? அந்த நேரத்திலும் ஒரு மார்க்கை விட்டுக் கொடுக்கவில்லை! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதோடு அவர் விடவில்லை. ஒரு தாளில் இப்படி நடந்திருந்தால் மற்றதிலும் நடந்திருக்கும் என்று, வகுப்பின் எல்லா விடைத்தாளையும் முதலிலிருந்து திரும்ப வாசித்தார். சில பிள்ளைகளுக்கு மார்க் கூடியது. எப்போதும் முதலாவது வருகிற பிள்ளைக்குக் குறைந்தது. வழி எழுதாமல் விடை மட்டும் போட்டிருந்ததாம். அந்தப் பிள்ளையின் அப்பா வந்து பள்ளிக்கூடமே கேட்கக் கத்தினார் என்று கேள்விப்பட்டேன். நானும் அதே வராந்தாவில் கத்தியவள்தானே, அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டீச்சருக்கு மெமோ வந்தது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பைக் கொடுக்காமல் கீழ்வகுப்புகளுக்கு மாற்றிவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவரிடம் ஒரு தடவை கேட்டபோது, "ஆறாம் வகுப்புலயும் x உண்டு அம்மா" என்று சிரித்தார்.

அன்று திரும்பி வரும்போது என் மகள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. கீழே ஆற்றில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்து, "அம்மா, நான் சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றாள். நான் ஆமாம் என்றேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதையே இன்னும் பல தடவை சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. யார் சொல்லியும் கேட்காமல் கணக்கு இருக்கும் பிரிவைத்தான் எடுத்தாள். சென்டம் வாங்குகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள், அறுபதைத் தொட்டாலே வீட்டில் பாயசம்தான். மேசையில் உட்கார்ந்து அவள் கணக்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்வேன். அன்று வராந்தாவில் என் கெஞ்சலுக்கு இரங்கி அந்த டீச்சர் மூன்று மார்க் போட்டிருந்தால், நான் அவரைத் தெய்வம் என்று கும்பிட்டிருப்பேன், என் மகளோ தான் சரியாகப் போட்ட கணக்கைத் தப்பு என்று நம்பிக்கொண்டே பெரியவளாகியிருப்பாள்.