சாம்பலுக்குப் பதில் பஞ்சு

உலகம் அழிந்த பிறகு மிஞ்சிய ஒரே மனிதன் நான்தான். ராஜபாளையத்தில் வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. அக்கா புருஷன் என்றால் சம்பளம் கேட்க மாட்டான் என்பது என் மச்சினனின் நினைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவனுக்கு, அணுகுண்டு விழுந்த பூமியைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். மழை பொய்த்து, ஊருக்கு வெளியே கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செட்டுச் செலவு மிச்சம் என்றான்.

வானத்திலிருந்து சாம்பல் கொட்ட வேண்டும். அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பார்த்தோம். என் கண்ணில் விழுந்ததே தவிர மிதக்கவில்லை. அதனால் மில் கழிவுப் பஞ்சை மூட்டையாக வாங்கி, கரித்தூளில் புரட்டி வைத்தான். கரையிலிருந்த பழைய பம்புசெட்டு ரூமின் மொட்டைமாடியில் நின்று அதைத் தூவ என் மனைவியை ஏற்றினான். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அவன் கேட்டு எதையும் மறுத்ததில்லை.

கடைசிக் காட்சியில்தான் வினை. சாம்பல் மழைக்கு நடுவே நான் தீக்குச்சி கிழிக்க வேண்டுமாம்.

நானும் அவளும் பஞ்சு மில்லில் வேலை பார்ப்பவர்கள். பீடி குடிக்கிறவர்கள் தீப்பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் அங்கே உள்ளே போக முடியும்.

“வேண்டாம்லே. பஞ்சு பறக்கையில பொறி பட்டா அம்புட்டும் பத்திக்கும்,” என்றாள் மேலிருந்து.

“காத்து அந்தப் பக்கமா அடிக்குதுக்கா. செத்த நேரந்தான்,” என்று கேமராவைத் தோளில் தூக்கி வைத்தான் மச்சினன். “அத்தான், பயந்த மாதிரி முழிங்க.”

அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை. பஞ்சு மிதந்து இறங்கியது. குச்சியை உரசினேன், உடனே அணைந்தது. இன்னொன்று என்று கத்தினான். அது பற்றியது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. என் தலைக்கு மேல் புஸ்ஸென்று ஒரு சத்தம். தீ பஞ்சுக்குப் பஞ்சு தாவி மேலேறி, அவள் காலடியில் இருந்த மூட்டையைப் பிடித்தது. “குதிட்டி, குதி!” என்று அலறிக்கொண்டு ஓடினேன். முந்தானையில் தீயோடு குதித்தாள். மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு அணைத்தேன். கணுக்கால் முறிந்துவிட்டது, முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. ஆனால் உயிர் தப்பினாள்.

அவள் கட்டுப்போட்டுக் கட்டிலில் கிடந்தபோது, மச்சினன் வீடியோ டெக்கும் கேசட்டுமாக வீட்டுக்கு வந்தான். எல்லாமே பதிவாகியிருந்தது. கேமரா தீயோடு சேர்ந்து நிதானமாக மாடிக்கு ஏறியது. அவள் முகத்துக்குக் கிட்டப் போனது. வாயைத் திறந்து அவள் தம்பியைக் கூப்பிடுவது தெரிந்தது. அவள் குதித்தபோது கூடவே இறங்கியது. ஓரத்தில் நான் மட்டும் ஓடி வந்தேன். அவனை அங்கேயே நாலு சாத்து சாத்த எனக்குக் கை பரபரத்தது.

“பாத்தியாக்கா?” என்றான் பூரிப்போடு. “தோள்ல வச்சு எடுத்தது. ஒரு ஆட்டங்கூட இல்ல.”

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆமாலே. நானும் அதத்தான் பாக்கேன்.”

அவன் சிரித்துக்கொண்டே கேசட்டை மறுபடியும் ஓட்டிக் காட்டினான். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எத்தனையோ கல்யாணங்களுக்கு அவன்தான் வீடியோ எடுத்தான். ஒரு கேசட்டிலும் அவள் முகம் கிடையாது.