மஞ்சள் துணி கட்டிய பாட்டுக்காரி

பினாங்குத் தீவின் சுங்கை பினாங் அடுக்குமாடியில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள் அந்தப் பெண். பதினாறு வயதில் அவள் பாடிய ஒரு பாட்டு எல்லோர் கைப்பேசியிலும் ஓடியது. அன்றிலிருந்து லிஃப்டில்கூட அவளை யாரும் சும்மா விடுவதில்லை. கொஞ்சம் சதை போட்டால் ஒரு பேச்சு, இளைத்தால் ஒரு பேச்சு. குப்பை கொட்டப் போனாலும் பவுடர் பூசிக்கொண்டுதான் போவாள்.

"யாராச்சும் படம் புடிச்சுப் போட்டுருவாங்க ஆன்ட்டி" என்பாள்.

போன வருஷம், பத்தொன்பது வயதில், ஓயாமல் மேடை ஏறி ஏறி அவள் குரல் அடைத்துக்கொண்டது. ஒரு மாதம் பாடவே கூடாது என்றார் டாக்டர். பாட்டுக் கம்பெனிக்காரர்களோ, ஒப்புக்கொண்ட கச்சேரியைச் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டாள். சின்ன வயதில் அந்தத் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. குரல் திரும்ப வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்: தைப்பூசத்தன்று மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம். மேலே பால் சேரும்வரை ஒரு சத்தம் வரக்கூடாது.

நான் செய்த தப்பு இதுதான். பெருமை தாங்காமல் எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவின் வாட்ஸ்அப்பில், "நம்ம பிள்ளை நம்மகூட வருது" என்று, புறப்படும் இடத்தையும் நேரத்தையும் போட்டுவிட்டேன். அது எங்கெங்கோ போய்விட்டது. தைப்பூசத்தன்று காலையில் பார்த்தால், சாமி கும்பிட வந்தவர்களைவிடக் கைப்பேசி தூக்கியவர்கள்தான் அதிகம்.

"ஒரு வரி பாடேன்லா!" என்றான் ஒருவன்.

"எங்க பாடும்? பெரிய ஆளாச்சே, வாயைக் கட்டிக்கிட்டு வருது!" என்றான் அவன் கூட்டாளி.

"தம்பி, நேர்த்திக்கடன்டா, வழி விடு" என்றேன்.

"நாங்களும் ஃபேன்தான் ஆன்ட்டி. ஒரு ஹாய் சொன்னா சாமி கோவிச்சுக்குமா?" என்றான் அந்தக் கூட்டாளி.

அவள் அவனைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்துவிட்டு நடந்தாள். மலைப்படியில் யாரோ படம் எடுக்க அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். குடம் சாய்ந்து, பால் தலையிலும் தோளிலும் வழிந்தது. நான்தான் "ஐயோ முருகா!" என்று அலறினேன். அவள் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. கண்ணை மூடி நின்றாள், குடத்தை நேராக்கினாள், அடுத்த படியில் கால் வைத்தாள். "வேல் வேல்" என்று கத்தினேன். கேலி பேசின அதே பையன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு "வெற்றி வேல்" என்றான். பிறகு படி முழுக்க அந்தச் சத்தம்தான்.

பாதிக் குடம் பால்தான் மிஞ்சியது. அது சாமிக்குப் போய்ச் சேர்ந்தது. துணியை அவிழ்த்தவளிடம் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் ஆன்ட்டி" என்றாள், கரகரத்த குரலில். "அந்தக் குரூப்புல எங்கம்மாவும் இருக்காங்கல்ல?"

"தெரிஞ்சுமா வந்தே?"

"சாமிகிட்ட வரேன்னு சொல்லியாச்சு. இவங்க வராங்கன்னு நான் வராம இருக்க முடியுமா? பசிக்குது ஆன்ட்டி, வாங்க."

கீழே அன்னதானம் போட்ட தண்ணீர்ப்பந்தலில், முகத்தில் பவுடர் இல்லாமல், முடியெல்லாம் பால் பிசுபிசுக்க, சோற்றைப் பிசைந்து வாய் நிறையச் சாப்பிட்டாள். சுற்றிலும் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டாள்.