சிவப்புச் சில்லு, மஞ்சள் சில்லு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆற்றங்கரையில் அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மிளகாய் என்றால்தான் தெரியும். மட்டிச் சிப்பி வாங்க வரும் தரகர் ஒருமுறை எடையில் கைவரிசை காட்டியபோது, அவர் தராசைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. தரகர் வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தராசைத் தேடியெடுத்தார். அதற்குப் பிறகு எடையும் சரியாக இருந்தது, அவர் பேச்சும் மரியாதையாக இருந்தது.

ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் அகலமாகக் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும் உப்பங்கழி ஒன்று இருக்கிறது. அங்கேதான் அவளுக்கு வேலை. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவாள். இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் அகன்ற அலுமினியப் பாத்திரம் ஒன்று வாத்து மாதிரி மிதந்தபடி பின்னால் வரும். கால் விரலால் சேற்றைத் துழாவுவாள். ஓடு தட்டுப்பட்டதும் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி, சல்லடையில் அலசி, மட்டியைப் பாத்திரத்தில் போடுவாள். "எனக்குக் கண்ணே கால்லதான் இருக்கு" என்று கூட எடுக்கும் பெண்களிடம் பெருமை அடித்துக்கொள்வாள்.

வீட்டில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, இரண்டு குடும்பம். அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும் என்பதால் மனைவி எதைச் சொன்னாலும் "ம்" என்பதோடு முடித்துக்கொள்வார். இன்னொரு அறையில் அவர் தம்பியும் தம்பி மனைவியும். மிளகாய் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது கொழுந்தன் முன்பல் விழுந்த பொடியன். அவன் தலையில் பேன் பார்த்ததும், காய்ச்சலுக்குக் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். அதனால் அவன் மீசை வைத்த பிறகும் "டா"தான்.

கொழுந்தன் வேலை பார்த்தது ஆற்றின் மேல்பக்கம் இருந்த பிளாஸ்டிக் அரவைக்கூடத்தில். உடைந்த பெட்டி, பழைய தண்ணீர்க் குழாய், கம்பி உருவிய ஒயர் தோல், கால் போன நாற்காலி எல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும். இயந்திரத்தில் போட்டால் நகத்தளவு சில்லாக விழும். அதைப் பெரிய தொட்டியில் அலசி, வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். அலசிய தண்ணீர் ஒரு குழாய் வழியாக நேரே ஆற்றுக்குப் போகும்.

சில வருடங்களாகவே மிளகாயின் சல்லடையில் மட்டியோடு சில்லும் வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும். மேலே வழவழவென்று பழுப்பாக ஏதோ படிந்திருக்கும். எடுத்துக் கரையில் வீசிவிட்டு, வீட்டுக்கு வந்து கத்துவாள்.

"டேய், உங்க கூடத்துக் குப்பை முழுக்க என் காலுக்கடியிலதான்டா கெடக்கு."

"குப்பையா? அது சரக்கு அண்ணி. சேர்த்து வெச்சுக் குடுங்க, முதலாளிகிட்டச் சொல்லி உங்களுக்கு ஒரு நாற்காலி பண்ணித் தரச் சொல்றேன்" என்று அவன் சிரிப்பான். அவளும் கரண்டியைக் காட்டி மிரட்டிவிட்டுச் சிரித்துவிடுவாள். அத்தோடு போயிற்று. வெறும் குப்பை என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருநாள் தரகர் தராசு இல்லாமல் வந்தார்.

"இனிமே எடுக்காதீங்கம்மா. மட்டியை டப்பால அடைக்கற கம்பெனிக்காரங்க சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. ஈயம் இருக்காம். காட்மியம்னு இன்னொண்ணும் இருக்காம். அளவுக்கு மேல. யாரும் தொட மாட்டேங்கறாங்க."

"என் மட்டிலயா?"

"இந்தக் கழியில எடுத்த எல்லாத்துலயும்."

அந்த வாரமே மீன்வளத் துறையிலிருந்து ஆள் வந்து கரையில் ஒரு பலகையை நட்டார்கள். இங்கே மட்டி எடுப்பது தடை, மீறினால் தண்டனை. அந்த எழுத்தைப் படித்தபோது மிளகாய்க்கு அழுகை வரவில்லை. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஏதோ கொதித்து ஏறியது.

பலகை நட்டவர்களோடு ஆய்வகத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்திருந்தாள். சேற்றையும் சில்லையும் தனித்தனிப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மிளகாய் அவளிடம் போனாள்.

"ஏம்மா, மட்டிக்குள்ள ஈயம் எப்படிம்மா போகும்? அது என்ன ஈயக் கடையா வெச்சிருக்கு?"

அந்தப் பெண் ஒரு மஞ்சள் சில்லை எடுத்து வெயிலில் காட்டினாள். "இந்த நிறம் சும்மா வர்றதில்லைக்கா. பழைய பெட்டி, குழாய், ஒயர் தோல்ல எல்லாம் நிறத்துக்கும் உறுதிக்கும்னு ஈயம், காட்மியம் எல்லாம் கலந்திருப்பாங்க. பொருள் முழுசா இருக்கற வரைக்கும் அது பெரும்பாலும் உள்ளேயே கெடக்கும். இப்படித் தூளாக்கி, வெயில்ல காஞ்சு, உப்புத் தண்ணியில ஊறுச்சுன்னா, மேல்தோல் வெடிச்சு கொஞ்சம் கொஞ்சமா வெளியில கசியும்."

"இந்த வழவழப்பு?"

"அது இன்னொரு வம்பு. வர்ற வழியில பட்டறைச் சாக்கடை எல்லாம் கலக்குதில்ல? அதுல இருக்கற உலோகம் இந்த அழுக்குல ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு ஓசிச் சவாரி பண்ணி இங்க வந்து இறங்கும். மட்டி நாள் முழுக்கத் தண்ணியை வடிகட்டித்தான் தின்னுது. வர்றதை எல்லாம் உள்ள சேர்த்து வெச்சுக்கும்."

"இந்தச் சில்லு எங்கேர்ந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப பலகையை அங்க நடாம இங்க ஏன் நட்டீங்க?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சோதிக்கறதோட சரி. பலகை வேற ஆபீஸ்."

மிளகாய் மனு எழுதிக்கொண்டு அந்த வேறு ஆபீஸுக்கும் போனாள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார்.

"பல இடத்துலேர்ந்து மாசு வருதும்மா. ஒருத்தரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஆய்வு நடந்துக்கிட்டிருக்கு."

"அரைக்கறவனைக் குத்தம் சொல்ல ஆய்வு வேணும். சேத்துல நிக்கறவளுக்கு மட்டும் உடனே பலகையா?"

"கோபப்படாதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்."

அந்த வார்த்தையை அவள் வீடு வரை மென்றுகொண்டே வந்தாள். அந்த வீட்டில் அவள் நல்லதுக்கு என்று நினைத்துச் செய்தது ஒன்று இருந்தது. தம்பி மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மட்டி தின்றால் ரத்தம் ஊறும் என்று, நல்லதாகப் பொறுக்கி, வேகவைத்து, தினமும் தட்டில் வைத்து, தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து காவல் காத்தவள் மிளகாய்.

சுகாதார நிலையத்தில் மட்டி எடுக்கும் வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று நாலு பேரும் டாக்டர் முன்னால் நின்றார்கள். நாலு பேர் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. கர்ப்பிணிக்கு இருக்கக் கூடாத அளவில் இருந்தது. எல்லோரையும்விட அதிகம் கொழுந்தனுக்கு.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று டாக்டர் அவனைக் கேட்டார்.

"அரவைக்கூடத்துல, சார்."

"முகத்துக்கு ஏதாவது கட்டுவீங்களா?"

"சில நாள் துண்டு கட்டுவேன். மூச்சு முட்டும், கழட்டிடுவேன்."

"அந்தத் தூசியைத்தான் நீங்க மூச்சா இழுத்திருக்கீங்க. சட்டையில ஒட்டி வீட்டுக்கும் வந்திருக்கு. இனிமே அந்த வேலைக்குப் போகாதீங்க. எல்லாரும் மட்டியை நிறுத்தணும். கர்ப்பமா இருக்கற இவங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடணும்."

தம்பி மனைவி வயிற்றின் மேல் கை வைத்தபடி, "குழந்தைக்கு?" என்றாள்.

"பிறந்த பிறகு சோதிச்சுப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மிளகாய்க்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அது அவளுக்குப் புதிது. கொழுந்தனைத்தான் திட்டினாள்.

"கை நடுங்குது, வயித்தை வலிக்குதுன்னு எத்தனை மாசமாச் சொன்னே! ஏன்டா அப்பவே அந்த வேலையை விடலை?"

"விட்டுட்டு? உங்களுக்கும் இப்ப வேலை இல்ல. அண்ணன் தைக்கறதுல அஞ்சு வாய் சாப்பிடுமா அண்ணி?" என்று அவனும் முதல்முறையாக அவளிடம் குரலை உயர்த்தினான். மறுநாள் வழக்கம்போல வேலைக்கும் போய்விட்டான்.

அதன்பிறகு மிளகாய் நேரே முதலாளியைப் பார்க்கப் போனாள். அவர் சண்டைக்கு வரவில்லை. நாற்காலி போடச் சொன்னார், குளிர்பானம் வரவழைத்தார். அவள் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். பிறகு புன்னகையோடு, "மட்டி போனா என்னம்மா? இங்கயே வந்துடுங்க. நிறம் பிரிக்கற வேலை. சேத்துல நிக்க வேண்டாம், நிழல்ல உட்கார்ந்து பார்க்கலாம்" என்றார்.

அவள் குளிர்பானத்தைத் தொடாமல் எழுந்தாள். தராசை எறிந்தவளுக்கு அந்தக் கண்ணாடி டம்ளரை எறிய எவ்வளவு நேரமாகும்? ஆனாலும் எறியவில்லை. ஆத்திரம் அன்று டம்ளருக்குள் அடங்குகிற அளவில் இல்லை.

மறுநாள் பட்டப்பகலில், தண்ணீர் வற்றிய நேரத்தில், அவளும் கூட மட்டி எடுக்கும் பெண்களும் ஒரு படகில் ஏறி மேலே போனார்கள். அரவைக்கூடத்துச் சுவருக்குக் கீழே, கரைச் சரிவில், குழாயின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து சாயம் போட்ட மாதிரி தண்ணீரும் சில்லும் கொட்டிக்கொண்டிருந்தன. மட்டிச் சாக்குகளில் களிமண்ணை நிரப்பி ஒவ்வொன்றாக அதற்குள் திணித்தார்கள். கடைசிச் சாக்கை மிளகாய் முதுகு கொடுத்துத் தள்ளி உள்ளே ஏற்றினாள். தண்ணீர் நின்றது.

உள்ளே கூச்சல் கேட்டது. தொட்டி நிரம்பி வழிந்து, முற்றம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். சில்லெல்லாம் மிதந்து போய் முதலாளி அறைக்குள் நுழைந்து, மேசைக்கடியில் அவர் செருப்பைச் சுற்றி வட்டமடித்தது. பெண்கள் படகைக் கட்டிவிட்டு வாசல் வழியாகவே உள்ளே போய் நின்றார்கள். ஓடி ஒளிய ஒருத்திக்கும் எண்ணமில்லை.

சீக்கிரமே போலீஸ் ஜீப் வந்துவிட்டது. மனு கொடுத்தும் அசையாத அரசாங்கம், ஒரு குழாய் அடைத்ததும் சைரனோடு வந்தது.

"அடுத்தவங்க சொத்துக்கு நஷ்டம் பண்றது குத்தம்னு தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்லாத் தெரியும் சார். எங்க கழிக்கு நஷ்டம் பண்ணினவர் இதோ செருப்பு நனைஞ்சு நிக்கறார். என் தம்பி ரத்தத்துல ஈயத்தை ஏத்தினவரும் இவர்தான். பொறக்காத பிள்ளையைக்கூட விடலை. முதல்ல அவரை ஏத்துங்க, பின்னாடியே நானும் ஏறிக்கறேன்."

"அந்தத் தண்ணியை நாங்க சுத்தம் பண்ணித்தான் விடறோம் சார். இவங்க படிக்காதவங்க, யாரோ தூண்டி விட்டிருக்காங்க" என்றார் முதலாளி.

அப்போதுதான் இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து கொழுந்தன் வந்தான். தலைமுடி, புருவம் எல்லாம் தூசி. கை நடுக்கத்தை மறைக்க இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"சுத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். தொட்டியிலேர்ந்து நேரா ஆத்துக்குத்தான் போகுது. அதிகாரிங்க வர்ற அன்னைக்கு மட்டும் நிறுத்தி வெப்போம். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

முதலாளி முகத்திலிருந்த புன்னகை அப்போதுதான் கழன்றது. "நாளைலேர்ந்து வராதே" என்றார்.

"இன்னிக்கே கிளம்பிட்டான்" என்றாள் மிளகாய்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் அவளுக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். பெண்கள் மேல் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. கொழுந்தன் வாக்குமூலம் கொடுத்ததால் கூடத்துக்குச் சீல் வைத்தார்கள். கொஞ்ச நாளில் எடுத்தும் விட்டார்கள். குழாய் வாயில் வலை மாட்டினால் போதும் என்று உத்தரவு வந்தது. வலை சில்லைத்தான் பிடிக்கும், கசிந்து கரைந்ததைப் பிடிக்காது என்று ஆய்வகத்துப் பெண் எழுதிக் கொடுத்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பிறகு முதலாளியே இயந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு வேறொரு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். பெண்கள் மேல் போட்ட வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா மிளகாய் போய் நிற்கிறாள். "உட்காருங்கம்மா" என்று யாராவது சொன்னால், "உட்கார வெச்சே எங்களை மறந்துடுவீங்க" என்பாள்.

குழந்தை பெண். எடை குறைவு, ஆனால் அழுகை மட்டும் தெருமுனை வரை கேட்கும். "பெரியம்மா தொண்டை" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். குழந்தை ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கிறது. வளர வளரத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். இப்போது கொழுந்தன் அண்ணன் கடையில் பொத்தான் தைக்கிறான். துணி வெட்டக் கொடுத்தால் கோடு கோணலாகப் போகிறது. அண்ணன் வாங்கித் திரும்ப வெட்டுகிறார். மிளகாய் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்க்கிறாள்.

போன மாதம் ஆய்வகத்துப் பெண் திரும்பவும் வந்தாள். கழியிலிருந்து மட்டி வேண்டும், எங்கே இறங்குவது என்று தெரியவில்லை, கூட வருகிறீர்களா என்று கேட்டாள். மிளகாய் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீரில் கால் வைத்ததும் ஓடு தட்டியது. குனிந்து அள்ளினாள். உள்ளங்கையை நிறைத்த ஒற்றை மட்டி. இத்தனை வருடத்தில் அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. எடுக்க ஆளில்லாமல் கொழுத்துக் கிடந்தன. பக்கத்திலேயே, சேற்றோடு சேறாக, சில்லு.

"இந்தச் சில்லெல்லாம் எப்பம்மா போகும்?"

"சேத்துல உட்கார்ந்துட்டுதுக்கா. அது பாட்டுக்குக் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ரொம்ப வருஷம் ஆகும்."

மிளகாய் அந்த மட்டியைப் பைக்குள் போட்டாள். பிறகு நிமிர்ந்து, மேல்பக்கம் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள். முதலாளியை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவரை, வலை போதும் என்று கையெழுத்துப் போட்டவரை, நாற்காலிக்கு அந்த மஞ்சள்தான் வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தவனை. அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். ஆய்வகத்துப் பெண் பையின் வாயைக் கட்டாமல், முழங்கால் தண்ணீரில், கடைசி வார்த்தை வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.