விசிறி மாற்றிய பிறகு கேட்ட முனகல்

விசிறியை மாற்றிக் கொடுத்த சில நாட்களிலேயே டிரைவர் சவரியப்பன் என் பட்டறைக்கு வந்து சாவியை என் முன்னால் வைத்தார். "தம்பி, இனி இந்த வண்டிய ஓட்ட என்னால ஏலாது."

அது யுத்தகால லாரி. திண்டுக்கல் தோல் வியாபாரி பாய் ஒருவருடையது. இன்ஜின் விசிறியின் இறக்கை உடைந்து, மாற்று எங்கும் கிடைக்கவில்லை. மதுரைப் பழைய சாமான் கடையில் ஒரு பேட்டரி மோட்டார் வாங்கி, இறக்கை பொருத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினேன். வேண்டும்போது போட்டுக்கொள்ள டாஷ்போர்டில் சுவிட்ச். ஊருக்கே அது புதுசு. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

"என்னண்ணே, சூடேறுதா?"

"சூடு இல்லப்பா. விசிறிய நிறுத்துனா மரியான் முனகுறான்."

மரியான் அவருடைய தங்கை மகன், அந்த லாரியின் கிளீனர். முந்தைய வருஷம் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு வளைவில் லாரி ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. இடப்பக்கம் தொங்கிக்கொண்டு வந்த பையன் நசுங்கிச் செத்தான். 'கண்ணசந்துட்டேன்' என்று சவரியப்பனே எல்லோரிடமும் சொன்னார். அதன்பிறகு தங்கை அவர் முகத்தில் விழிக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தபடிதான் அவர் பக்கத்தில் ஏறினேன். நல்ல பகல் வேளை, செம்பட்டி ரோடு. அவர் விசிறி சுவிட்சை அணைத்தார். பழைய விசிறியின் இரைச்சல் இல்லாத வண்டி எனக்கே யாருடையதோ போல இருந்தது. இடப்பக்கம் வளைந்தபோது காலடியிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவனின் குரல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"கேட்டியா?" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

அடுத்த இடது வளைவிலும் முனகியது. வலது வளைவில் இல்லை. பேய்க்கு இடதென்ன, வலதென்ன? வண்டியை நிறுத்தச் சொல்லி அடியில் படுத்தேன். அவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடின் முனையைத் தொட்டேன். முனகல் என் உள்ளங்கையில் அதிர்ந்தது. பந்து மூட்டு தேய்ந்து கழலும் நிலையில் இருந்தது. ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியிருந்தால் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்டிருக்காது. பழைய விசிறி இரைச்சல்தான் இத்தனை காலம் அதை மூடியிருந்தது.

கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து அந்த மூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எம்புட்டு நாளா இப்படி?"

"வருசக் கணக்கா தேஞ்சிருக்கும்ணே."

"அப்ப அன்னைக்கு... நான் தூங்கலையா?"

தெரியாது என்றேன்.

வண்டியில் ஒரு இரைச்சலை எடுத்தால், அது எதை மூடியிருந்தது என்று ஓட்டிக் கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

புது மூட்டுப் போட்டு, முனகல் கேட்ட அதே வளைவுக்குப் போனோம். விசிறியை நிறுத்தி இடப்பக்கம் திருப்பினார். சத்தமே இல்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி திருப்பினார். மறுபடியும்.

"சரியாயிருச்சுண்ணே, விடுங்க."

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "அன்னைக்கு நான் தூங்குனேனான்னு இப்பத்தான மரியான்ட்ட கேக்கணும்னு இருந்தேன், தம்பி."