இரண்டு பேருக்கு ஒரு பேட்

விலை கூடிய பேட் ஒன்று வாங்கி மாற்றி மாற்றி ஆடலாமா, மலிவாக ஆளுக்கொன்று வாங்கலாமா என்று நேற்று நீங்கள் இருவரும் என் முன்னால் வழக்காடினீர்கள். என் தீர்ப்பு ஆளுக்கொன்று. ஏன் என்று கேட்டீர்களே, வாயால் சொன்னால் உங்கள் அம்மா குறுக்கே பேசுவாள். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் சுரங்கத்தில் பம்பு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் காடாம்புலியூர்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடச் சின்னவர். அவருக்கும் அதே பம்புதான். என் ஷிப்ட் முடிந்தால் மாற்று ஆளாக வந்து நிற்பவர் அவர். நான் முதல் ஷிப்ட் என்றால் அவர் இரண்டாவது. நான் நைட் என்றால் விடிந்ததும் அவர்.

எங்கள் வரிசைக்குப் பின்னாலேயே மைதானம். சாயங்காலம் கம்பளிப் பந்தை வைத்து பேட்மிண்டன் ஆடுவோம், பக்கத்துக்கு ஐந்து பேர். நடுவில் நிற்பவருக்குத்தான் பந்து அதிகம் வரும். அந்த இடம் என்னுடையது. எனக்கு அதில் பெருமை கொஞ்சமல்ல.

அதுவரை இரவல் பேட்டில்தான் ஆடினோம். சொந்தமாக வாங்க இருவரும் கடலூருக்குப் போனோம். மலிவான பேட் நைலான் நரம்பு கட்டியது, உலக்கை மாதிரி கனம். இன்னொன்று ஆட்டுக்குடல் நரம்பு. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியவில்லை. சுண்டினால் 'டங்' என்றது. விலையைக் கேட்டதும் திரும்ப வைத்துவிட்டேன்.

"அண்ணே, நீங்க வூட்ல இருந்தா நான் பம்புல இருக்கேன். நமக்கு எதுக்கு ரெண்டு? நல்லதா ஒண்ணு வாங்குவோம். யாருக்கு முதல் ஷிப்டோ, அந்த வாரம் பேட்டு அவரு வூட்ல" என்றார் அவர்.

"நைட் ஷிப்ட்காரன்?"

"அவன் தூங்கிகினு இருப்பான். அவனுக்கு எதுக்கு பேட்டு?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வாங்கினோம்.

இதில் ஓர் ஓட்டை இருந்ததை நான் பார்க்கவில்லை. எனக்கு முதல் ஷிப்ட் வரும்போது அவர் சுரங்கத்தில் இருப்பார். நான் ஆடுவது அவர் கண்ணில் படாது, காதிலும் விழாது. அவருக்கு முதல் ஷிப்ட் வரும்போதோ எனக்கு நைட். நான் வீட்டில் படுத்திருப்பேன்.

வெயில் புழுக்கத்தில் புரண்டு புரண்டு ஒருவழியாகக் கண் அசரும் நேரத்தில் பின்னாலிருந்து 'டங்' என்று கேட்கும். மற்ற பேட்டெல்லாம் 'பொத் பொத்' என்னும். நடுவே என் பேட் மட்டும் மணி மாதிரி. விடுவிடுவென்று இரண்டு அடி, கொஞ்சம் நிறுத்தி ஓங்கி ஓர் அடி. உடனே கைதட்டல். நான் ஆடும்போது அது அப்படிப் பேசியதே இல்லை.

"தூங்கறதுன்னா தூங்குங்க, போறதுன்னா எழுந்து போங்க. அவரு ஆடறதுக்கு நீங்க ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

எழுந்து போனேன். எங்கள் கேப்டன் திருநெல்வேலிக்காரர். என்னைக் கண்டதும் காடாம்புலியூர்க்காரரைக் காட்டி, "வாங்க, வாங்க. இந்த பேட்டு இவருக்குன்னே செஞ்ச மாதிரில்லா இருக்கு! பொங்கல் மேட்சுக்கு இவரை நடுவுல நிறுத்திப் பாக்கலாமான்னு இருக்கேன்" என்றார்.

"அதுல பாதி என் பேட்டு" என்றேன், என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே.

"எந்தப் பாதிண்ணே? கைப்பிடியா, வலையா?" என்று ஒருவன் கேட்க, மைதானமே சிரித்தது.

மறுநாள் காலை ஷிப்ட் மாறும்போது காடாம்புலியூர்க்காரரிடம் சொன்னேன்: "தம்பி, இந்தக் கூட்டு எனக்கு ஒத்து வரல. ஒண்ணு நீ வெச்சுக்க, இல்ல நான் வெச்சுக்கறேன்."

டிபன் கேரியரை ஆணியில் மாட்டிக்கொண்டே சிரித்தார். "இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்கீங்க? நீங்களே வெச்சிக்கோங்கண்ணே. நான் அந்த நைலான் பேட்ட வாங்கிக்கறேன்."

அவர் பங்கைக் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை முறைத்துக்கொண்டு பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை.

என் முதல் ஷிப்ட் வாரத்தில் முழு உரிமையோடு இறங்கினேன். 'டங்' என்றது. பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார் கேப்டன்.

திரும்பவும் நைட் வந்தது. பேட் வளைந்துவிடாமல் மரச்சட்டத்தில் வைத்துத் திருகாணியை முறுக்கி என் தலைமாட்டில் வைத்திருந்தேன். இனி 'டங்' கேட்காது, நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தேன். 'டங்' கேட்கவில்லைதான். 'பொத் பொத்' என்று எல்லாம் ஒரே சத்தம். அதற்குள்ளே விடுவிடுவென்று இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. கைதட்டல். பேட் என் தலைமாட்டில் இருக்கிறது, அடி அங்கே விழுகிறது! எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே பொங்கல் மேட்ச், குவார்ட்டர்ஸின் அடுத்த பிளாக்கோடு. அவர் நடுவில், நைலான் பேட்டோடு. நான் பின்வரிசை ஓரத்தில். பந்து என் பக்கம் வருவதற்குள் அவரே எடுத்துவிட்டார். ஜெயித்தோம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள்.

என்னிடமும் ஒருவர் வந்தார், தோற்ற பிளாக்காரர். என் பேட்டைக் கையில் வாங்கி, சுண்டிப் பார்த்து, "அருமையான பேட்டா இருக்குதே, எங்க வாங்கினீங்க?" என்றார்.

"கடலூர்ல" என்றேன்.